பட்டைச் சக்கையின் மேல் நின்று அளந்த உயரம்

போன மாதம் ஒரு நாள் காலையில் இரண்டு இளம் அதிகாரிகள் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒரு பெண், ஒரு பையன். இருவருக்கும் என் மகள் வயதுகூட இருக்காது. ஆம்பூரில் பாலாற்றங்கரையை ஒட்டிய பகுதி முழுவதற்கும் புதிதாகத் திட்டம் போடுகிறார்களாம். எந்த இடத்தில் எத்தனை மாடி வரலாம், ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வரலாம் என்று முடிவு செய்ய வேண்டும். ட்ரோன் விட்டுப் படம் எடுத்து, கணினிக்குள் ஊரையே நிறுத்திவிட்டார்கள். லேப்டாப்பைத் திறந்து எனக்கும் காட்டினார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஒரு தெருவை வரைய ஒரு வாரம் எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

அவர்களுக்கு ஒரே ஒரு சந்தேகம். பழைய கோப்பு ஒன்றில், ஆற்றங்கரைக் கட்டடங்களின் உயரத்தையெல்லாம் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. குறிப்பின் கீழே என் கையெழுத்து. ஏன் அந்த இடம் என்று இப்போது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தார்கள். பதில் சொல்வதென்றால் என் தவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். காபி ஆறிப்போகும்வரை சொன்னேன். இதை அப்படியே எழுதிக் கொடுங்கள் சார் என்றார் அந்தப் பெண். எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பேரணாம்பட்டு. அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. நான் படம் வரையும் படிப்பைப் படித்துவிட்டு, நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் என் கைக்கு வந்ததெல்லாம் டிரேசிங் தாளும் மைப்பேனாவும்தான். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று பெயர் வாங்கினேன். அதைத் தவிர வேறு பெரிய பெயர் எதுவும் இல்லை. மெதுவாக மேலே வந்து, வேலூரில் திட்ட உதவியாளராக இருந்தபோதுதான் கோமதி மேடம் எங்களுக்கு அதிகாரியாக வந்தார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நேரடித் தேர்வு எழுதி வந்தவர் என்பதால் எங்களில் சிலருக்கு முதல் நாளிலிருந்தே முகம் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. என் முகமும் அதில் ஒன்று. அவரோ யாரையும் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடமாட்டார். எனக்கு "தண்டபாணி சார்"தான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரில் நிற்கிறவர் எதைத் தப்பாகச் செய்தோம் என்று தானே கண்டுபிடித்துவிட வேண்டும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து குறிப்பு எழுதினாலும், முதல் வரியில் எங்கே நின்று பார்த்தோம், எத்தனை மணிக்கு, எந்தத் திசையைப் பார்த்து நின்றோம் என்று எழுதியாக வேண்டும். அது இல்லாவிட்டால் மிச்சத்தைப் படிக்கவே மாட்டார். கோப்பு பென்சிலில் ஒரு சின்னக் கேள்விக்குறியோடு திரும்பி வந்துவிடும். முதல் மாதத்தில் எனக்கு மட்டும் பதினான்கு கேள்விக்குறிகள் வந்தன. எரிச்சலில் ஒருமுறை, "நாற்காலியில் அமர்ந்து, பகல் பன்னிரண்டு மணிக்கு, மின்விசிறியைப் பார்த்து" என்று எழுதி வைத்தேன். அவர் சிரித்தார். ஆனால் கேள்விக்குறியையும் போட்டார்.

இன்னொரு வழக்கம், கம்பு நடுவது. பெரிய கட்டடம் எதற்கும் கடைசி உத்தரவு போடுவதற்கு முன், கட்டடம் வரப்போகும் இடத்தின் மூலைகளில் அதே உயரத்துக்குச் சவுக்குக் கம்புகளைக் கட்டி நிறுத்தச் சொல்வார். கம்புக்குக் கம்பு உச்சியில் பந்தல் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்க அது அங்கே நிற்கும். சுற்றி இருக்கிற சனங்கள் பார்க்கலாம். நாற்பது அடி என்று காகிதத்தில் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது, துணியைப் பார்த்தால் புரிந்துவிடும் என்பார். ஆபீசில் நாங்கள் இதற்குத் திருவிழா என்று பெயர் வைத்திருந்தோம். கொடிமரம் நடப் போகிறோமா மேடம் என்று கேட்கிற அளவுக்கு எங்களுக்குத் துணிச்சலும் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஆம்பூர் ஆற்றங்கரையில் பதினொரு பழைய டேனரிகள் மூடிக் கிடந்தன. தொட்டிகள் காய்ந்து, ஓட்டுக் கூரை சரிந்து, பெரிய பெரிய வளாகங்கள் சும்மா நின்றன. அந்த இடங்களில் குடியிருப்பும் கடைகளும் வரலாம் என்று அரசு முடிவு செய்தது. முதலில் விண்ணப்பம் கொடுத்தவர் இத்ரீஸ் பாய். மூன்று தலைமுறை தோல் வியாபாரம் செய்த குடும்பம். அண்ணன் தம்பி நான்கு பேர், ஆளுக்கு ஒரு மாடி என்று நான்கு மாடிக்குப் படம் போட்டுக் கொடுத்தார். தரையிலிருந்து நாற்பது அடி. விதிப்படி அந்த இடத்தில் அதற்கு மேல் போகக்கூடாது, அதுவரை போகலாம். இவருக்கு என்ன கொடுக்கிறோமோ அதைத்தான் மற்ற பத்துப் பேரும் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

வளாகத்துக்குக் கிழக்கே, சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சந்து. சந்தின் மறுபக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லா வாசலும் சுவரைப் பார்த்து. ஒரு காலத்தில் அதே டேனரியில் வேலை செய்தவர்களின் வீடுகள். இப்போது அந்த வீட்டுப் பெண்கள் ஷூ கம்பெனிகளுக்காகக் கையால் அப்பர் தைக்கிறார்கள், அதாவது ஷூவின் மேல்பாகம். காலையில் சமையல், துணி துவைப்பது எல்லாம் முடித்துவிட்டு மத்தியானம் ஒரு மணிக்கு மேல் வாசற்படியில் வந்து உட்கார்வார்கள். கறுப்புத் தோலில் கறுப்பு நூல். டியூப்லைட்டில் தைத்தால் தையல் கோணும், கோணினால் கம்பெனியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேற்கே ஆற்றுப் பக்கமிருந்து சுவரைத் தாண்டி வரும் வெளிச்சம்தான் அவர்களுக்குப் பிழைப்பு.

மேடமும் நானும் இடம் பார்க்கப் போனபோது, சந்தில் முதலில் பேசியவர் ரஹமத்பீ. அப்போது நாற்பது வயது இருக்கும். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஊசி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மாடி கட்டட்டும் சார், நாங்க இன்னா வேணாம்னா சொல்றோம்? நாலு மணி வரிக்கும் எங்களுக்கு வெளிச்சம் இருந்தா போதும். அதுக்கப்புறம் புள்ளைங்க வந்துடும், தண்ணி வந்துடும், எப்படியும் எழுந்துடணும்."

மறுநாள் காலை மேடத்தோடு வளாகத்துக்குள் போய் அளவெடுத்தேன். ஆபீசுக்கு வந்து குறுக்குவெட்டுப் படம் வரைந்தேன். தை மாத வெயில் எந்தக் கோணத்தில் விழும், நாற்பது அடிக் கட்டடத்தின் நிழல் எப்போது வாசற்படியைத் தொடும் என்று கணக்குப் போட்டேன். சரியாக நாலு மணி வந்தது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. படத்தில் என் அச்செழுத்தில் எழுதினேன். சந்துக்குப் போய் ரஹமத்பீயிடமும் மற்றவர்களிடமும் நாலு மணி வரை வெயில் இருக்கும், கவலைப்படாதீர்கள் என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். என் அளவை நம்பி முதல்கட்ட ஒப்புதலும் போய்விட்டது.

கடைசி உத்தரவுக்கு முன், தை மாதத்திலேயே திருவிழா. சாரம் கட்டும் ஆட்கள் கம்பு நட்டுத் துணி கட்டினார்கள். மேடமும் நானும் சந்தில் நின்றோம். மூன்று மணிக்குத் துணியின் நிழல் சுவரைத் தாண்டிச் சந்துக்குள் வந்துவிட்டது. மூன்றரை மணிக்கு ரஹமத்பீயின் படியில் ஏறியது. அவர் முக்காலியைத் தள்ளிப் போட்டார். நிழல் பின்னாலேயே போனது. இன்னொரு முறை தள்ளினார். பிறகு ஊசியைத் தோலில் குத்தி வைத்துவிட்டு எழுந்து என்னைப் பார்த்தார்.

"நாலு மணின்னு சொன்னீங்களே சார்."

அரை மணிதானே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அரை மணின்னா ஒரு ஜோடி சார்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கம்பு கட்டியவர்கள்தான் உயரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று அவர்கள் மேல் பாய்ந்தேன். டேப்பை வைத்து அளந்தால் ஒரு அங்குலம்கூட அதிகமில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், அதுவும் சரி. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

நான் அங்கேயே நின்றேன். என் முன்னால் சுற்றுச்சுவர். சந்திலிருந்து பார்த்தால் அது இரண்டு ஆள் உயரம். அதே சுவர் வளாகத்துக்கு உள்ளே என் இடுப்புக்குத்தான் வரும். இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து டேனரிச் சுவர் எல்லாமே அப்படித்தான் இருக்கும். அன்றைக்குத்தான் முதல்முறையாக, ஏன் என்று கேட்டுக்கொண்டேன். கம்பு கட்டிய ஆட்களையே கடப்பாரையோடு உள்ளே கூட்டிப்போய்த் தோண்டச் சொன்னேன்.

தோல் பதனிட ஆவாரம்பட்டையை ஊறப்போடுவார்கள். சாரம் போன பிறகு மிஞ்சும் சக்கையை அங்கேயே கொட்டிப் பரப்புவார்கள். அதன் மேல் சுண்ணாம்புக் கழிவு, அதன் மேல் சாம்பல், மறுபடியும் சக்கை. மூன்று தலைமுறையாக இப்படிக் கொட்டியது படிந்துபோய்க் கிடந்தது. கடப்பாரை இறங்கிக்கொண்டே போனது. ஒன்பது அடிக்குக் கீழேதான் ஆற்று மணல் வந்தது. நான் தரை என்று நினைத்து அளந்தது சக்கையின் தலையை. சந்திலிருந்து பார்த்தால் பாயின் கட்டடம் நாற்பது அடி இல்லை, நாற்பத்தொன்பது அடி. ஒரு மாடியை நான் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

வேறு ஊர்க்காரன் யாராவது அளந்திருந்தால், நடக்கும்போது கால் ஏன் மெத்தென்று அமுங்குகிறது என்று அப்போதே கேட்டிருப்பான் என்று தோன்றியது. நான் பேரணாம்பட்டில் அந்தச் சக்கை மேலேயே ஓடி ஆடி வளர்ந்தவன். அதில் கிரிக்கெட் ஆடினால் பந்து எழும்பாது, அதற்குத் தகுந்த மாதிரி மட்டையைத் தாழ்த்திப் பிடிக்கப் பழகினோமே தவிர, இது மண் இல்லை என்று யாருக்கும் தோன்றியதில்லை. எங்களுக்கு அதுதான் தரை.

குழியைப் பார்க்க என்னுடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் வந்திருந்தார். மூடிவிடு என்றார். யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை, சொன்னால் மாட்டுவது நீதான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தரையைத் தெரியாமல் தப்பாக எடுத்தான் என்று யார் நம்புவார்கள்? பாயிடம் வாங்கிக்கொண்டு ஒரு மாடியை ஏற்றிக் கொடுத்தான் என்றுதான் ஊர் பேசும். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் வேறு. வேலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் பேசாமல் இருந்துவிடலாம் என்று பள்ளிகொண்டா வரை உறுதியாக இருந்தேன். அதற்கப்புறம் ரஹமத்பீ முக்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டதுதான் கண்ணில் நின்றது.

மறுநாள் காலை மேடம் நாற்காலியில் உட்காரும் முன்னமே சொல்லிவிட்டேன்.

"மேடம், தரையைத் தப்பா எடுத்துட்டேன்."

"எவ்வளவு?"

"ஒன்பது அடி."

"ஒரு மாடி" என்றார். "யாராவது கேட்டு எடுத்தீங்களா, தெரியாம எடுத்தீங்களா?"

முகத்துக்கு நேரே அப்படி ஒருவர் கேட்டதில் எனக்கு வலித்தது. ஆனால் கேட்டாரே என்று நிம்மதியாகவும் இருந்தது. கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொள்கிறவர்களிடம் நாம் பதில் சொல்லவே முடியாது. தெரியாமல்தான் என்றேன். சரி, எழுதுங்கள் என்றார். எங்கே நின்று அளந்தேன் என்பதை முதல் வரியில் எழுதச் சொன்னார்.

வளாகத்தின் பழைய ஆபீஸ் வராந்தாவுக்கு முன்னால் நின்று, காலை பதினொரு மணிக்கு, ஆற்றைப் பார்த்து, பட்டைச் சக்கையைத் தரை என்று கருதி அளந்தேன் என்று எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, வழக்கமான பென்சிலை எடுக்காமல் பேனாவை எடுத்தார். என் குறிப்பின் கீழே எழுதினார்: "அன்று நானும் அதே இடத்தில் நின்றேன். கால் அமுங்கியது. ஏன் என்று கேட்கவில்லை. இந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு." கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். என் முப்பத்திமூன்று வருட வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அந்த நாலு வரிதான்.

அடுத்து இத்ரீஸ் பாய். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு ஆபீசுக்கு வந்தபோது அவருக்கு முகம் சிவந்திருந்தது.

"இன்னா மேடம் இது? நாலு பேருக்கு நாலு மாடின்னு வூட்ல பேசி முடிச்சாச்சு. இப்ப வந்து ஒண்ணு கம்மின்னா நான் யாரை இறக்கறது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தப்பு என்னுடையது, தொல்லை அவருக்கு. ஆம்பூர் வெயிலுக்கு நிழல் வந்தால் சந்துக்காரர்களுக்கு நல்லதுதானே என்றும் கேட்டார். மேடம் விதியை எடுத்துப் படித்துக் காட்டவில்லை. கம்பை இன்னும் பிரிக்கவில்லை, ஒரு மத்தியானம் எங்களோடு வந்து நில்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பதினைந்து நாள் அவர் வரவில்லை. பதினாறாம் நாள் வந்தார்.

சந்தில் அவருக்கு உட்கார ரஹமத்பீ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுத் தன் தையலுக்குப் போய்விட்டார். யாரும் யாரிடமும் முறையிடவில்லை. மூன்றரையைத் தாண்டியதும் நிழல் படியேறியது. வரிசையாக அத்தனை வாசலிலும் முக்காலிகள் நகர்ந்தன, மறுபடி நகர்ந்தன, பிறகு ஒவ்வொருவராக எழுந்து தோலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். பாய் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க தாதா, அப்பாவோட அப்பா, கட்டுன சுவரு. இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல மேடம்."

அடுத்த வாரம் புதுப் படம் வந்தது. மூன்று மாடி. மூன்று தம்பிகளுக்கும் ஆளுக்கு ஒன்று. மேல்மாடி அவர் தனக்கென்று வைத்திருந்தது. அங்கிருந்து ஆறு முழுக்கத் தெரியும் என்று ஆசையாகச் சொல்வார். அதை விட்டுவிட்டு வளாகத்தின் ஆற்றோரத்தில் ஒற்றைத் தளத்தில் ஒரு வீடு போட்டுக்கொண்டார். ஏன் பாய் என்று கேட்டதற்கு, "மாடி ஏறினா முட்டி பேஜார் பண்ணுது சார்" என்றார். அதற்குப் பிறகும் பல வருடம் அவர் அந்த முட்டியோடு சந்தைக்கு நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். என்னைப் பற்றி ஊரில் ஒரு தப்பான பேச்சு எழாமல் போனதற்கு அவர்தான் காரணம். தண்டபாணி தானாகவே வந்து சொன்னார் என்று கடை கடையாகச் சொல்லி வைத்திருந்தார்.

இனி ஒருவரும் என்னைப் போலச் சக்கையில் நின்று அளந்துவிடக் கூடாது என்று, தரைமட்டத்துக்கு ஒரு நிலையான குறி வைக்கச் சொன்னார் மேடம். ரஹமத்பீ வீட்டு வாசற்படியின் கீழ்க்கல்லில் உளியால் ஒரு கூட்டல் குறி வெட்டினேன். மற்ற பத்து வளாகங்களுக்கும் அங்கிருந்துதான் உயரம் அளந்தோம். அன்றைக்கு ரஹமத்பீ கொடுத்த டீயை மேடம் குடித்தார். எந்த இடத்திலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர், அங்கே உட்கார்ந்து மெதுவாகக் குடித்தார்.

அந்த நாலு வரிக்காக மேடத்திடம் மேலிடம் விளக்கம் கேட்டதும், அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனதும் நான் ஓய்வு பெறும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. போன் செய்து கேட்டேன். எழுதியது உண்மைதானே சார், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் பேத்தியைப் பற்றி விசாரித்தார். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடனை நேரில் சொல்ல எனக்கு வார்த்தை வந்ததில்லை. இங்கே சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த இரண்டு அதிகாரிகளும் என்னை அன்றைக்கே ஆம்பூருக்குக் கூட்டிப் போனார்கள். இதுவும் தை மாதம்தான். ரஹமத்பீ அதே படியில் உட்கார்ந்திருந்தார், இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு. "இன்னா சார், மறுபடியும் அளக்க வந்துட்டீங்களா?" என்று கேட்டு, முக்காலியை நகர்த்திக் குறிக்கு இடம் விட்டார். அந்தப் பெண் கூட்டல் குறியின் மேல் கருவியை நிறுத்தி அளவெடுத்தார். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே பாய் குடும்பத்தின் மூன்று மாடி. அதன் நிழல் சந்தைக் கடந்து, மெதுவாக நகர்ந்து, ரஹமத்பீயின் படியைத் தொட்டது. அவர் ஊசியைத் தோலில் குத்தி வைத்தார்.

"நாலு மணி ஆச்சு" என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலுதான்.